நம்மவர் இல்லங்களிலே: உருட்டும் கைகளுக்கு ஒரு துணை

சென்ற நவராத்திரியின்போது நம் சங்க மண்டபத்தில் நடந்த கச்சேரிக்கு வந்திருந்த நேயர்கள், தனி ஆவர்த்தனத்தின் நடுவே எழுந்த சிறு கலவரத்தை மறந்திருக்க மாட்டார்கள். மிருதங்கமும் கடமும் கேள்வியும் பதிலுமாக மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தன. நடுப்பாதை ஓரமாகச் சக்கர நாற்காலியில் அமர்ந்து, தொடையில் உற்சாகமாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்த நம் உறுப்பினர் ஒருவர், யாரும் தள்ளாமலே திடுமென முன்னால் நகர்ந்து, முன் வரிசையில் இருந்த நம் பொருளாளரின் ஆசனத்தில் போய் மோதினார். பொருளாளருக்கு அடி ஒன்றும் இல்லை. மிருதங்க வித்வான் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் நடவாதது போல் மோராவுக்குப் போய்விட்டார்.

கச்சேரி முடிந்ததும் நாற்காலியைச் சுற்றி ஒரு கூட்டமே கூடிவிட்டது. "இது எப்படித் தானாக ஓடிற்று?" என்று குழந்தைகள் கேட்டனர், பெரியவர்களும் அதையேதான் கேட்டனர். அதன் பிறகு மூன்று குடும்பத்தார் நமக்குத் தனியே கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஒருவருடைய தாயாருக்குப் பக்கவாதம். ஒருவருடைய மைத்துனருக்கு இளம்பிள்ளைவாதத்தில் போன கால்கள். மூன்றாமவர் தமக்காகவே கேட்டிருந்தார். ஆகவே இம்மாதம் இந்தப் பகுதியை அந்த நாற்காலிக்கும் அதன் பின்னே மாட்டப்பட்டிருக்கும் சிறு யந்திரத்துக்கும் ஒதுக்கிவிட்டோம். நம் உறுப்பினர் தம் பெயரை அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மற்றவற்றை எழுத மனமுவந்து சம்மதித்தார்.

அவர் திருநெல்வேலிச் சீமைக்காரர். வங்கி உத்தியோகம். டில்லிக்கு மாற்றலாகி வந்த இரண்டாம் ஆண்டில், 2011-இல், சாலை விபத்தொன்றில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஊருக்குத் திரும்பிவிடும்படி உறவினர் எல்லோரும் சொன்னார்கள். அவர் திரும்பவில்லை. உத்தியோகம் இங்கே, மகளின் பள்ளிக்கூடம் இங்கே. மயூர் விஹாரில் குடியிருந்துகொண்டு, மெட்ரோ ரயிலில் ராஜீவ் சௌக் வரை சென்று, அங்கிருந்து தம் கைகளாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு அலுவலகம் போய் வந்தார். 2002-இல் முதல் பாதை திறந்த நாளிலிருந்தே டில்லி மெட்ரோவில் லிப்டும் சரிவுப் பாதையும் உண்டு. அது மட்டும் இல்லாதிருந்தால், தம் வாழ்க்கை இரண்டு அறைகளுக்குள் முடிந்திருக்கும் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின. பிறகு வலது தோள் வலிக்கத் தொடங்கியது. முதலில் குளிர் என்றார். பிறகு தூக்கத்தில் புரண்டதால் என்றார். கடைசியில் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, தோள் மூட்டின் தசைநார் தேய்ந்து கிழியத் தொடங்கியிருக்கிறது, தோளுக்கு ஓய்வு கொடுங்கள் என்றார். முழங்கால் வலிக்கிறவருக்குச் சொல்லும் அதே வார்த்தைதான். ஆனால் சக்கர நாற்காலியில் இருப்பவருக்குத் தோள்தானே கால்? படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும், நாற்காலியிலிருந்து குளியலறைப் பலகைக்கு மாறுவதும் அதே தோள்களால்தான். நாள் முழுவதும் நாற்காலியை உருட்டுகிற ஒருவர், நாளொன்றுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் முறை சக்கரத்தைத் தள்ளுகிறார் என்பது நிபுணர்கள் சொல்லும் கணக்கு. தோள் மூட்டு அவ்வளவு பாரம் சுமப்பதற்காக அமைந்ததன்று. கையை நாலா பக்கமும் வீசித் திருப்புவதற்காக அமைந்தது.

தண்டுவட மருத்துவத்தில் ஈடுபட்ட அமைப்புகள் சேர்ந்து 2005-இல் அமெரிக்காவில் ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டன. அதன் சாரம் இதுதான்: வலி வந்த பிறகு வைத்தியம் பார்ப்பதைவிட, தள்ளும் எண்ணிக்கையையும் தள்ளும் விசையையும் முன்கூட்டியே குறையுங்கள். நாற்காலி இயன்றவரை இலேசாக இருக்கட்டும். பின் சக்கரத்தின் அச்சு, கவிழாத அளவுக்கு முன்னே தள்ளி இருக்கட்டும். வெடுக்கு வெடுக்கென்று குத்தித் தள்ளாமல், நீளமாக இழைத்துத் தள்ளிப் பழகுங்கள். நம் நாட்டில் எத்தனை பேருக்கு இவற்றைச் சொல்லித் தருகிறார்கள் என்பது வேறு விஷயம். நம் இல்லங்களில் பெரும்பாலும் இருப்பது ஆஸ்பத்திரி நாற்காலி; எல்லோருக்கும் ஒரே அளவு; பதினெட்டு, இருபது கிலோ எடை. நோயாளியைப் பிறர் தள்ளிக்கொண்டு போவதற்காகச் செய்யப்பட்ட அந்த நாற்காலியில்தான் நம்மவர்கள் ஆண்டுக்கணக்கில் தாமே உருட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் உறுப்பினருக்கும் அதுவே வாய்த்திருந்தது. தோளுக்கு ஓய்வு வேண்டும் என்றதும் மனைவியார் பின்னின்று தள்ளத் தொடங்கினார். அந்த அம்மையாருக்கு முழங்கால் உபாதை. காலையில் மெட்ரோ நிலையம் வரை அவர் தள்ளுவார். மாலையில் மகள் பள்ளியிலிருந்து வந்து புத்தகப் பையை வைத்த கையோடு நிலையத்துக்குப் போவாள். ஊரில் என்றால் அண்ணன் தம்பி, சித்தப்பா மகன் என்று யாராவது ஒரு கை கொடுப்பார்கள். இங்கே இருப்பவர்கள் இந்த இரண்டு பேர்தாம். சிறிது சிறிதாக அவர் வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டார். அதற்கு முந்திய ஆண்டு நவராத்திரிக்கு அவர் வரவில்லை. பொங்கல் விழாவுக்கும் வரவில்லை. ஏன் என்று நாமும் கேட்கவில்லை. உடம்பு சரியில்லை போலும் என்று இருந்துவிட்டோம்.

மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். சென்னையில் அவள் விரும்பிய படிப்புக்கு இடமும் கிடைத்தது. ஆனால் அவள் டில்லியிலேயே வேறொரு கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள். "இங்கே கல்லூரி இல்லையா அப்பா, எதற்காக அவ்வளவு தூரம்?" என்று அவரிடம் காரணம் சொன்னாளாம். அவர் அதை அப்படியே நம்பிவிட்டார். ஒரு நாள் இரவு சமையலறையில் தாயும் மகளும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "நான் போய்விட்டால் சாயங்காலம் அப்பாவை யார் அம்மா அழைத்துவருவார்கள்? உன்னால் மேட்டில் தள்ள முடியுமா?" என்றாள் மகள். மறுநாள் காலை அவர் நமக்குத் தொலைபேசியில் பேசினார். நாற்காலிக்கு மோட்டார் பொருத்துவது பற்றி நமக்குத் தெரியுமா என்று கேட்டார்.

நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். அது தவறான யோசனை. "முழு மின்சார நாற்காலியே வாங்கிவிடுங்கள், விசையை அசைத்தால் போதும், கை நோகாது, இந்தியாவிலேயே லட்ச ரூபாய்க்குள் கிடைக்கிறது" என்றோம். அவர் பொறுமையாக விளக்கினார். அந்த நாற்காலிகள் கனமானவை. பாட்டரியும் சேர்ந்தால் பலவற்றை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும். காரின் பின்புறத்தில் வைப்பது எளிதன்று. வழியில் ஒரே ஒரு படி வந்தாலும் நின்றுவிட வேண்டியதுதான். கையால் உருட்டும் நாற்காலியிலோ, பழகியவர் முன் சக்கரங்களைத் தூக்கிச் சிறு மேட்டைத் தாண்டிவிடலாம். அன்றியும், "என் உடம்பில் வேலை செய்வது இந்தக் கைகள் மட்டுந்தான், அவற்றையும் சும்மா வைத்துவிட்டால் எனக்கு என்ன உடற்பயிற்சி?" என்றார். கைகளில் வலுவே இல்லாதவர்களுக்கும், உட்கார்ந்தபடி உடலை நிலைநிறுத்த முடியாதவர்களுக்கும் முழு மின்சார நாற்காலிதான் ஏற்றது; அதில் சந்தேகமில்லை. இவருக்கு அது ஏற்றதன்று. இவருக்கு வேண்டியது துணை மட்டுமே.

அந்தத் துணை இப்போது பல உருவங்களில் வருகிறது. மூலக் கருத்து மிதிவண்டியிலிருந்து வந்தது என்று சொல்லலாம். 1993-இல் ஜப்பானின் யமஹா கம்பெனியார், மிதிப்பவர் காலை அழுத்தும் விசையை அளந்து அதற்கேற்பத் தானும் கொஞ்சம் கூடச் சேர்த்துத் தரும் மோட்டார் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். நாம் வழக்கமாக மோட்டார் சைக்கிள் என்று சொல்லும் பெட்ரோல் வண்டியை நேயர்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். இது மிதித்தால்தான் ஓடும். அடுத்த சில ஆண்டுகளில் அதே தத்துவம் சக்கர நாற்காலிக்கும் வந்தது. நாற்காலியின் இரண்டு பெரிய சக்கரங்களையும் கழற்றிவிட்டு, நடுக்குடத்தில் மோட்டார் அடங்கிய வேறு சக்கரங்களை மாட்டுகிறார்கள். கையால் தள்ளும் வெளி வளையத்தில் விசையை உணரும் கருவி இருக்கிறது. மெல்லத் தள்ளினால் அது மெல்லத் துணை செய்யும். ஓங்கித் தள்ளினால் ஓங்கித் துணை செய்யும். வளையத்தைப் பின்னுக்கு இழுத்தால் நிறுத்துவதற்கும் துணை செய்யும். நடைபாதை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் இடங்களில், ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே வேலை செய்வது பெரிய அனுகூலம். குறை என்னவென்றால் கனம். சாதாரணச் சக்கரத்தை ஒரு கையால் எடுத்துவிடலாம். இந்தச் சக்கரம் ஒவ்வொன்றும் பல கிலோ. அதைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றுவது யார் என்று முதலில் யோசித்துக்கொள்ள வேண்டும்.

நம் உறுப்பினர் வாங்கியது அதுவன்று. நாற்காலியின் அடியில், இரு சக்கரங்களுக்கு நடுவே உள்ள குறுக்குக் கம்பியில் மாட்டிக்கொள்ளும் சிறு யந்திரம். பார்வைக்கு ஒற்றைச் சக்கரம் வைத்த சிறு பெட்டி போல இருக்கும். எடை ஆறு கிலோ அளவு; வேண்டாதபோது ஒரு கையால் கழற்றி வைத்துவிடலாம். மணிக்கட்டில் கடிகாரம் போல ஒரு பட்டை. நாற்காலியின் வளையத்தை இரண்டு முறை தட்டினால் அந்தப் பட்டை அதிர்வை உணர்ந்து யந்திரத்தை ஓடச் செய்கிறது. வேகம் போதும் என்று தோன்றும்போது ஒரு தட்டு; அந்த வேகத்திலேயே போகும். மறுபடி இரண்டு தட்டினால் மோட்டார் நின்றுவிடும். திருப்புவதும் நிறுத்துவதும் கைகளின் வேலை. நேயர்களுக்கு இப்போது கச்சேரி ரகசியம் விளங்கியிருக்கும். ஆதி தாளத்தில் ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும் முடிந்து மற்ற இரண்டு தட்டுகளும் விழுவதற்குள், பட்டைக்கு உத்தரவு கிடைத்துவிட்டது! கைதட்டினாலும் இதே கதைதான். உட்கார்ந்திருக்கும்போது பட்டையின் விசையை அணைத்து வைக்க வேண்டும் என்பது முதல் பாடம். அவருக்கும் அது தெரியும். நான்கு மாதமாகத் தவறாமல் அணைத்தும் வந்திருக்கிறார். அன்று மிருதங்கம் அப்படி வாசித்துவிட்டது, என்ன செய்வது!

ஆபத்து இதைவிட வேறோரிடத்தில் இருக்கிறது. மோட்டார் நின்றுவிட்டது என்றால் நாற்காலி நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. இந்த வகைக் கருவி தள்ளுமே தவிர, பிடித்து நிறுத்தாது. இறக்கத்தில் நாற்காலி தன் பாட்டுக்கு உருண்டுகொண்டே போகும். வளையத்தை உள்ளங்கையால் உரசி உரசித்தான் அதை அடக்க வேண்டும். முதல் வாரத்தில் குடியிருப்பின் கீழ்த்தளச் சரிவில் அவர் இதை மறந்தார். உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. சுவரில் மோதுவதற்கு ஓர் அடி முன்னே நின்றார். அதன் பிறகு தோல் கையுறை இல்லாமல் அவர் வெளியே புறப்படுவதில்லை. ஈரமான சலவைக்கல் தரையிலும் சரளைக்கல்லிலும் யந்திரத்தின் சிறு சக்கரம் வழுக்கிச் சுற்றும். மழைக்காலத்தில் இதை நினைவில் வைக்க வேண்டும். மெட்ரோ வண்டிக்குள் ஏறும்போது மோட்டாரை நிறுத்திவிட்டே ஏறுகிறார். நடைமேடைக்கும் வண்டிக்கும் இடையே உள்ள சிறு சந்தில் முன் சக்கரம் மாட்டிக்கொண்டால், பின்னாலிருந்து மோட்டார் தள்ளிக்கொண்டிருப்பது நல்லதன்று. சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கும் வகையில் வேறோர் அபாயம். மேட்டில் ஓங்கித் தள்ளினால் நாற்காலி பின்புறமாகச் சாய்ந்துவிடலாம். அதற்குப் பின்னால் தடுப்புச் சக்கரங்கள் உண்டு. அசிங்கமாக இருக்கிறது என்று அவற்றைக் கழற்றி வைக்கக்கூடாது.

இன்னோர் ஆபத்து நம்மைப் போன்றவர்களிடமிருந்து வருவது. அதைச் சற்று வெட்கத்துடன்தான் எழுதுகிறோம். சங்க மண்டபத்தில் அவரைக் கண்டதும் நம்மில் இரண்டு மூன்று பேர் ஓடிப்போய் நாற்காலியின் பின்கைப்பிடியைப் பற்றித் தள்ளத் தொடங்கிவிடுவோம். கேட்பதில்லை. அன்பு என்றே நினைத்து வந்தோம். யந்திரம் மாட்டிய பிறகு ஒரு நாள் அப்படி நாம் பின்னிருந்து தள்ள, அதே சமயம் அவர் வளையத்தைத் தட்ட, நாற்காலி நாம் நினைத்த திசையிலும் போகாமல் அவர் நினைத்த திசையிலும் போகாமல் தூணை நோக்கிப் போயிற்று. அன்று அவர் சொன்னார்: "ஐயா, நீங்கள் நடந்து போகும்போது யாராவது உங்கள் முதுகில் கைவைத்துத் தள்ளினால் எப்படி இருக்கும்? எனக்குப் பதினான்கு வருஷமாக அப்படித்தான் இருக்கிறது." யந்திரம் வந்ததனால்தான் அவருக்கு இதைச் சொல்லத் துணிவு வந்ததோ என்னவோ. நாற்காலியில் இருப்பவரைத் தள்ளுமுன் கேட்க வேண்டும் என்பது நமக்கு இந்த வயதில்தான் தெரியவந்தது.

விலையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் இத்தகைய கருவிகளின் விலை லட்சக்கணக்கில் போகிறது; அதை மறைப்பதற்கில்லை. நம் உறுப்பினர் பழைய கருவி ஒன்றை, அதை உபயோகித்துவிட்டு நிறுத்திய ஒருவரிடமிருந்து வாங்கினார். அப்படியும் ஊரில் இருந்த ஒரு சிறு மனையை விற்க வேண்டியிருந்தது. பழையதை வாங்குவோர் பாட்டரியின் வயதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கருவி நன்றாக இருந்தும் பாட்டரி களைத்துப் போயிருந்தால் பாதி வழியில் நின்றுவிடும். முழுமையாக மின்னேற்றினால் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வது சமதரைக் கணக்கு. மேடு, உட்காருபவரின் எடை, டயரில் குறைந்த காற்று எல்லாம் அதைத் தின்றுவிடும்.

நம் நாட்டுத் தயாரிப்பும் இருக்கிறது. அது சென்னையிலிருந்து வருவது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியை சுஜாதா சீனிவாசன் தலைமையில் இயங்கும் டி.டி.கே. மறுவாழ்வு ஆராய்ச்சி மையத்தின் முயற்சியிலிருந்து நியோமோஷன் என்ற நிறுவனம் பிறந்தது. உடலின் அளவுக்கேற்பச் செய்து தரும் 'நியோஃப்ளை' என்ற நாற்காலியும், அதன் முன்புறத்தில் மாட்டிக்கொள்ளும் 'நியோபோல்ட்' என்ற மோட்டார் வண்டியும் அவர்களுடையவை. மாட்டியதும் நாற்காலியின் முன் சிறு சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிவிடும். கைப்பிடியும் பிரேக்கும் கொண்ட மூன்று சக்கர வண்டியாகிவிடும். 2021-இல் இது அறிமுகமானபோது மணிக்கு 25 கிலோமீட்டர் வரை வேகமும், ஒரு மின்னேற்றத்துக்கு 30 கிலோமீட்டர் வரை தூரமும் சொல்லப்பட்டன. அப்போது நாற்காலியின் விலை 39,900 ரூபாய், முன் இணைப்பின் விலை 55,000 ரூபாய். இதில் ஏறிக்கொண்டு வீடு வீடாக உணவு கொண்டு சேர்க்கும் வேலை செய்வோர் இன்று பல நகரங்களில் இருக்கிறார்கள். சாலையில் நெடுந்தூரம் போக வேண்டியவருக்கு இது மிகவும் ஏற்றது. அலுவலகத் தாழ்வாரத்திலும் மெட்ரோ லிப்டிலும் நாள் முழுவதும் புகுந்து புறப்பட வேண்டிய நம் உறுப்பினருக்குப் பின்னால் மாட்டுவதே சௌகரியமாயிற்று. அவரவர் போகும் வழியைப் பொறுத்தது இது.

எதை வாங்குவதானாலும் முதலில் நாற்காலியைக் கவனியுங்கள் என்பது அவர் நேயர்களுக்கு விசேஷமாகச் சொல்லச் சொன்ன விஷயம். அளவுக்குப் பொருந்தாத பழைய நாற்காலியில் விலையுயர்ந்த மோட்டாரை மாட்டுவது வீண். சில கருவிகள் மடிக்கும் நாற்காலியில் பொருந்துவதே இல்லை. அவர் முதலில் இலேசான, தம் இடுப்பளவுக்குச் செய்த நாற்காலிக்கு மாறினார்; அதிலேயே தோள் வலி ஓரளவு குறைந்துவிட்டது. பிறகு பிசியோதெரபி நிபுணர் முன்னிலையில் இரண்டு வாரம் கருவியை ஓட்டிப் பார்த்த பின்னரே பணம் கொடுத்தார். இத்தகைய சோதனைக்கு மறுவாழ்வுப் பிரிவு உள்ள மருத்துவமனைகளை நாட வேண்டும். டில்லி வாசிகளுக்கு வசந்த் குஞ்சில் தண்டுவடச் சிகிச்சைக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. 1965 மே மாதம் எவரெஸ்ட் சிகரத்தில் நின்ற மேஜர் ஆலுவாலியா, அதே ஆண்டு யுத்தத்தில் குண்டடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தவர். அவர் முனைந்து நின்று உண்டாக்கியது அந்த மையம்.

கருவி வந்தபின் அவர் வெளியில் இருக்கும் நேரம் அதிகமாகிவிட்டது. அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. உணர்வில்லாத உடம்பு நெடுநேரம் ஒரே நிலையில் அமர்ந்தால் படுக்கைப்புண் வரும். இடையிடையே முன்னே குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ பாரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நல்ல மெத்தை வேண்டும். ஊருக்குப் போகும்போது ரயிலில் கருவியைக் கழற்றிப் படுக்கையின் அடியில் வைத்துவிடலாம். விமானத்தில் போகிறவர்கள் முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும். கழற்றக்கூடிய லித்தியம் பாட்டரியைச் சாமான்களோடு அனுப்பாமல் தம்முடனே உள்ளே எடுத்துச் செல்ல வேண்டும். அதன் அளவு பொதுவாக 300 வாட்-மணிக்கு மேற்படக்கூடாது.

இனி நம் மண்டபத்துக்கு வருவோம். இந்த வகை யந்திரம் எதுவும் படி ஏறாது. நம் மண்டபத்தின் முன்வாசலில் ஐந்து படிகள், பின்வாசலில் மூன்று. இவ்வளவு நாளும் அவர் வந்தபோதெல்லாம் நான்கு பேர் நாற்காலியோடு தூக்கினோம். கருவி வந்த உற்சாகத்தில் செயற்குழு ஒரு தச்சரை அழைத்து ஆறடிப் பலகை ஒன்றைப் பின்வாசலில் சாய்த்துப் போட்டது. அதற்கு ஒரு தேங்காயும் உடைத்தோம். பலகையின் பாதியில் யந்திரத்தின் சக்கரம் கிறீச்சிட்டுச் சுற்ற, நாற்காலி பின்னோக்கி வழுக்கத் தொடங்கியது. நல்லவேளையாகப் பின்னால் ஆள் இருந்தது.

பிழை யந்திரத்தினுடையதன்று, நம் கணக்கினுடையது. படி ஒன்று ஆறு அங்குலம் என்றால் மூன்று படிகள் பதினெட்டு அங்குலம். உயரம் ஒன்றுக்கு நீளம் பன்னிரண்டு என்பதே சரிவுப் பாதைக்குப் பரவலாக ஒப்புக்கொண்ட அளவு. அப்படியானால் நமக்கு வேண்டியது பதினெட்டு அடி. நாம் போட்டதோ ஆறடி. நாற்காலியும் ஆளும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், பதினெட்டடிச் சரிவில் ஏறச் சுமார் 8 கிலோவைத் தூக்கும் விசை போதும். ஆறடிப் பலகையில் ஏறச் சுமார் 24 கிலோ வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியது நம் பொறியியல் பட்டதாரிகள் யாருமல்லர். சென்னைக்குப் போகுமுன் அந்தப் பெண்தான் ஒரு காகிதத்தில் போட்டுக் கொடுத்தாள்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களில் எல்லோரும் தடையின்றிப் புழங்க வகை செய்ய வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் வெறும் சிபாரிசாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் மத்திய அரசுக்குச் சொல்லியிருக்கிறது. சட்டத்துக்காக வேண்டாம், நம் சங்கத்திலேயே எழுபது வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் அந்த ஐந்து படிகளை நினைத்து வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள் என்று செயற்குழுவினர் எண்ணிப் பார்க்கலாம். பதினெட்டடிக்குப் பின்முற்றத்தில் இடம் இருக்கிறது, செருப்பு வைக்கும் அலமாரியை மட்டும் நகர்த்த வேண்டும். அலமாரி ஒரு நன்கொடையாளரின் பெயர் பொறித்தது என்பதால் மூன்று கூட்டங்களாக அது நகரவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு நாள் இரவு மகள் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் புறப்பட்டாள். பெட்டிகளைத் தூக்க நாமும் போயிருந்தோம். மயூர் விஹாரிலிருந்து மெட்ரோவில் வந்து, ராஜீவ் சௌக்கில் வண்டி மாறி, புதுடில்லி நிலையத்தின் நடைமேடையில் கூட்டத்துக்கு நடுவே அவர் தாமே நாற்காலியை ஓட்டிக்கொண்டு பெட்டியின் வாசல் வரை வந்தார். அம்மையார் கைவீசிக்கொண்டு பக்கத்தில் நடந்து வந்தார். ரயில் நகர்ந்த பிறகு, திரும்பும் வழியில், மேடு வந்த இடத்தில் பழக்கத்தினால் அந்த அம்மையாரின் கை நாற்காலியின் பின்கைப்பிடிக்குப் போயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து அம்மையாரே கையை எடுத்துவிட்டு, "பசிக்கிறதா? வீட்டில் தோசை மாவு இருக்கிறது" என்றார்.

கருவியை நேரில் காணவும் ஓட்டிப் பார்க்கவும் விரும்பும் குடும்பத்தார், அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்க மண்டபத்துக்கு வரலாம். நம் உறுப்பினர் நாற்காலியோடு வந்து எல்லாவற்றையும் விளக்க இசைந்திருக்கிறார். சொந்த நாற்காலி வைத்திருப்போர் அதையும் கொண்டுவந்தால், அதில் எந்த வகைக் கருவி பொருந்தும் என்று பார்த்துச் சொல்வார். பின்வாசல் வழியாக வரவும். சரிவுப் பாதை அதற்குள் முடியும் என்ற நம்பிக்கை இல்லாததால், நாற்காலிகளைத் தூக்குவதற்கு வலுவான இளைஞர்கள் நால்வர் நாலரை மணிக்கே அங்கு வந்துவிட்டால் உபகாரமாக இருக்கும்.